அளவை மாஸ்டரின் சாம்பிராணிப் புகை

இந்த வெள்ளவத்தையில் என்னைத் தலைகுனிய வைத்த மனிசன் ஒருவர்தான். சுங்கக்காரர், வங்கி மனேஜர், என் மாமனார் எல்லோரும் முயன்று பார்த்துக் களைத்துப் போனவர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, புறக்கோட்டையில் ஆணி மூட்டை சுமந்து, பிறகு கொழும்பு காலி வீதியிலேயே மாடியோடு சொந்தக் கட்டிடம் எழுப்பி இரும்புக்கடை போட்டவன் நான். அப்படிப்பட்ட என்னை அளவை மாஸ்டர் மட்டும் வாரம் ஒரு தடவையாவது வெட்கப்படுத்தாமல் விட்டதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, கடையின் மேல்மாடியை ரியூசனுக்குக் கேட்டார். மெலிந்த ஆள், கையில் குடை.

“என்ன பாடம் மாஸ்டர்?”

“அளவையியல்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாடே அளக்கத் தெரியாமல்தானே கெட்டுக் கிடக்கிறது. அரை அங்குலக் குழாய் வாங்கிப் போய் முக்கால் அங்குலத்தில் செருகப் பார்க்கிறவர்களோடு என் வாழ்நாளில் பாதி போயிற்று. “கட்டாயம் படிப்பியுங்கோ. வாடகையைப் பற்றிக் கதைக்க வேண்டாம்” என்றேன்.

முதல் வகுப்பன்று அளவு நாடாவும் குழாய்த் துண்டுகளுமாக நானே மேலே ஏறிப்போய், அங்குலத்துக்கும் மில்லிமீற்றருக்கும் உள்ள உறவு பற்றி ஒரு பேச்சுப் பேசினேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். கடைசி வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று சிரிப்பை அடக்க மாட்டாமல் எழுந்து, “அங்கிள், இது லொஜிக் கிளாஸ்” என்றது. அளவையியல் என்றால் ஒழுங்காக யோசிக்கிற வித்தையாம். எனக்குக் குழாயைப் பொறுக்கவும் கை வரவில்லை.

“பரவாயில்லை முதலாளி,” என்றார் மாஸ்டர், “அறிவை அளக்கிறதும் ஒரு அளவுதானே.”

வகுப்பு இல்லாத நேரம் கீழே வந்து கவுண்டருக்குப் பக்கத்தில் இருப்பார். ஒருநாள் நான் சாப்பிடப் போன நேரம், வீடு கட்டுகிற கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்து சீமெந்து இருக்கா என்று கேட்டிருக்கிறார். மாஸ்டர் சொன்ன பதில் இது:

“ஒரு விதத்தில இருக்கு. இன்னொரு விதத்தில இல்லை. வேறொரு விதத்தில பாத்தால் சொல்லேலாது.”

மனிசன் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். நான் வந்து கத்தினேன்.

“பிழையாச் சொன்னனானோ? லொறியில இருக்கு, கடையில இல்லை. சமணர் இப்பிடித்தான் எதையும் நாலு பக்கத்தால பாத்தவை.”

“மாஸ்டர், சமணர் எங்களிட்ட சீமெந்து வாங்கிறேல்லை.”

அவருக்கு ஒரே ஒரு துக்கம்தான். பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை கிரேக்கமும் ஐரோப்பாவும். “எல்லா மனிதரும் இறப்பர், அந்தக் கிரேக்கத்துக் கிழவனும் மனிதன், ஆகவே அவனும் இறப்பான். முதலாளி, நான் படிப்பிக்கத் தொடங்கின நாளிலயிருந்து அந்தக் கிழவனைக் கொன்றுகொண்டே இருக்கிறன். எங்கட பக்கத்தில ஒருத்தரும் யோசிக்கவே இல்லையோ? பௌத்தரும் சமணரும் சைவரும் முகத்துக்கு முகம் இருந்து வாதாடின ஊருகள் இல்லையோ? சீனாக்காரன், அரபுக்காரன் எல்லாரும் சும்மா இருந்தவங்களோ?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் என் மாடியில் இருக்கிற ஆளுக்கு ஒரு குறை என்றால் அது எனக்கும் குறைதானே. பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் கல்வி நிறுவனம் மெய்யியல் டிப்ளோமா நடத்துகிறது. கட்டிடத்துக்கு இரும்பு முழுக்க நான் கொடுத்ததால் நிர்வாகக் குழுவில் எனக்கும் ஒரு கதிரை. நான் ஒரு சொல் சொன்னேன், மாஸ்டருக்கு அங்கே வேலை கிடைத்தது. அடுத்த சொல்லில், பாடத்திட்டத்தை விரிவாக்க வேண்டும் என்று அவர் குழுவுக்கு முன்னால் பேசவும் நாள் கிடைத்தது. அன்றைக்குத் தீர்மானம்.

புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். மாஸ்டர் குடையோடு ஒரு பையும் கொண்டுவந்தார்.

தலைவர், லண்டனில் இருந்துவிட்டு வந்தவர், தொடக்கத்திலேயே சொன்னார்: “மாஸ்டர், நீங்கள் சொல்றதெல்லாம் சமயம். அதை சமய பாடத்தில வச்சுக்கொள்ளலாமே?”

“சமயமில்லை ஐயா. நிரூபிக்கிற முறை. இப்ப காட்டிறன்.”

பைக்குள்ளிருந்து சாம்பிராணித் தட்டு வந்தது. தணலும் வந்தது. எப்படிக் கொண்டுவந்தாரோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். “எங்கட பழைய ஆக்கள் நிரூபிச்ச விதம் இது. அந்த மலையில நெருப்பு இருக்கு. ஏனெண்டால் புகை தெரியுது. புகை உள்ள இடத்தில நெருப்பு இருக்கும், அடுப்பெரியிற குசினி மாதிரி...” என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டார்.

ஏசி அறை. புகை நேரே மேலே போயிற்று. மேலே இருந்தது தீ அலாரம். என் கடையில் வாங்கியது. கொழும்பிலேயே இதுபோல் கூர்மையான அலாரம் கிடையாது என்று அதே குழுவில் நானே மார்தட்டியிருந்தேன். என் வாக்குப் பொய்க்கவில்லை.

பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் தெருவில். பெற்றோர் தெருவில். தலைவர் தெருவில். தீயணைப்பு வண்டி வந்து நின்று, ஒருவர் குதித்து இறங்கி, நெருப்பு எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்: “கின்தர கோ, மஹத்தயா?”

மாஸ்டர் முகமெல்லாம் மலர என் கையைப் பிடித்தார். “பாத்தியளே! புகையைக் கேள்விப்பட்டு நெருப்பைத் தேடி வந்திருக்கிறார். இவருக்கு விளங்குது, குழுவுக்கு விளங்கேல்லை.”

தலைவர் என்னிடம் திரும்பினார். சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. “முதலாளி, இவர் உங்கட ஆள்தானே?”

நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது போலிருந்தது. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, “ஓம், என்ர ஆள்தான்” என்றேன்.

தீர்மானம் தெருவிலேயே நிறைவேறியது. பாடத்திட்டம் இருந்தபடியே இருக்கும். விரும்பினால் மாஸ்டர் பழையதையே படிப்பிக்கலாம். “இனி அந்தக் கிழவனைக் கொல்ல என்னால ஏலாது” என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் என் மேல்மாடியில் அவருடைய சொந்தப் பாடத்திட்டம் நடக்கிறது. பரீட்சை இல்லை, சேட்டிபிக்கட் இல்லை, ஏழெட்டுப் பிள்ளைகள், சாம்பிராணி. புகை படியால் இறங்கிக் கடைக்குள் வரும். வாடிக்கையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மேல என்ன?” என்று கேட்பார்கள். “நுளம்புக்கு. கடி தாங்கேலாது” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை புகை வரவில்லை. மாஸ்டர் சீனி வருத்தக்காரர், தனியாக பஸ்ஸில் வருகிறவர். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே விட்டுவிட்டு, முழங்கால் நோவோடு படியேறினேன். மாஸ்டர் கரும்பலகைக்கு முன்னால் நின்றார்.

“என்ன முதலாளி, இப்பிடி மூச்சு வாங்குது?”

“புகையைக் காணேல்லை. நீங்கள் வரேல்லையாக்கும் எண்டு...”

“சாம்பிராணி முடிஞ்சுது. ஆனால் புகை இல்லையெண்டால் நெருப்பில்லை எண்டு சொல்லேலாது. பழுக்கக் காய்ச்சின இரும்பில புகை வருமோ? இரும்புக்கடை வச்சிருக்கிறியள், இது தெரியாதே?”

பிள்ளைகள் சிரித்தார்கள். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தேன். வந்த கையோடு சாம்பிராணிப் பெட்டி ஒன்று வாங்கி மேலே அனுப்பினேன்.

மேலே என்ன என்று வாடிக்கையாளர் இன்னும் கேட்கத்தான் செய்கிறார்கள். நுளம்புக்கு என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

“மாஸ்டர் வந்திட்டார்” என்கிறேன்.