இடது கம்பத்தருகே எனக்கு நடந்த அநியாயம்

எல்க்ரிட்ஜ்,
பிப்ரவரி 3.

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் திரு. ஓரெஸ்ட் புரோகோப்சுக் அவர்களுக்கு (மரியாதை கடிதத்தின் பாதிவரைதான் தாங்கும் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்), எல்க்ரிட்ஜிலிருந்து உன் அத்தான் வெர்லின் எழுதுவது. உன் வீட்டில் அனைவரும், மாடுகளும், புது டிராக்டரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அக்கா லியோனா சுகம். அளவுக்கு மீறிய சுகம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. என் மனநிலை அதற்கும் கீழே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஜனவரி பதின்மூன்றாம் தேதி, தேவாலயக் கூடத்தில் உங்கள் பழைய நாள்காட்டிப் புத்தாண்டு விருந்து. நீயும்தான் இருந்தாய். முட்டைக்கோஸ் சுருள்களைப் பெரிய தட்டில் அடுக்கி நான் தூக்கிக்கொண்டு வந்தேன். யாரோ சிந்தியிருந்த பீட்ரூட் சூப்பில் கால் வைத்ததும், ஒரு கால் கிழக்கே மனிடோபா பக்கமும் இன்னொரு கால் மேற்கே ஆல்பர்ட்டா பக்கமும் போய், நான் நடுவில் உட்கார்ந்தேன். ஒரு சுருள்கூடக் கீழே விழவில்லை. அதை ஒருவரும் பாராட்டவில்லை. முப்பத்தொரு வருஷமாக நம் ஊர் மூத்தோர் ஐஸ் ஹாக்கி அணிக்கு கோல் காத்தவன், பறந்து வரும் ரப்பர் வட்டை மூக்கில் வாங்கியவன், சூப்பில் வழுக்கினேன் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "ஐஸ்ல விழுந்துட்டேன்" என்றேன். "முட்டியில பீட்ரூட் ஒட்டியிருக்கே" என்றார் அந்த அம்மாள். பிப்ரவரி பத்தாம் தேதிவரை ஸ்கேட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

பதினான்காம் தேதி உங்கள் ஊரோடு பால் கேன் கோப்பை ஆட்டம். அதற்குள் நான் தேறிவிடுவேன். அதுவரை பயிற்சிக்கு கோலில் யார் நிற்பது? அணித் தலைவன் கஸ் ஃபேர், நாற்பது வருஷ நண்பன் என்று நான் நம்பியிருந்த கஸ் ஃபேர், "நீ காலை நீட்டி உக்காருப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்றான். எதைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊன்றுகோலோடு அரங்கத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. என் கோலில் ஒரு ஆள் நின்றிருந்தது. நான் காலில் கட்டும் பேட் இரண்டும் அதற்கு இடுப்புவரை ஏறியிருந்தன. வெளியூரிலிருந்து யாரையோ பிடித்து வந்திருக்கிறார்கள், பாவம், அரை உடம்பு ஆள் என்று நினைத்தேன். அந்த ஆள் முகமூடியைத் தூக்கி, "ஏம்பா, அடுப்ப அணைச்சிட்டுத்தானே வந்த?" என்று கேட்டது. உன் அக்கா, ஓரெஸ்ட்! அறுபத்திரண்டு வயசு! அரங்கத்துக் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுக்கும் லியோனா! ஊன்றுகோல் என் கையை விட்டுப் போய் எங்கோ விழுந்தது.

அதிர்ச்சி இதோடு நின்றிருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். கஸ் வட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான். கோல் கோட்டை ஒட்டிய மாதிரி, கோணமே இல்லாத இடம். அங்கிருந்து அடித்தால் கம்பத்துக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் இருக்கிற இடுக்குதான் வழி. அந்த இடத்தில் கோல்கீப்பர் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நம் இருவரின் அப்பாக்களுக்கும் தெரியும். கம்பத்தை அணைத்துக்கொண்டு ஆண்பிள்ளையாக நிமிர்ந்து நிற்க வேண்டும். உன் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? மண்டி போட்டாள்! அவன் அடிப்பதற்கு முன்பே! கம்பத்துப் பக்கத்துக் காலை அப்படியே ஐஸ்மேல் படுக்கப் போட்டு, ஸ்கேட்டைக் கம்பத்தில் முட்டுக்கொடுத்து, தோளையும் கம்பத்தில் சாய்த்து, இன்னொரு காலைக் குத்திட்டு வைத்து, மட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல இருந்தாள்.

"எந்திரிடி! எதிரிக்கு முன்னால யாராவது மண்டி போடுவாங்களா?" என்று கத்தினேன்.

"நீ உக்காருப்பா, கால் வீங்கும்" என்றாள்.

கஸ் பன்னிரண்டு தடவை அடித்தான். பன்னிரண்டும் பேட்டில் 'தொப்' என்று பட்டுத் திரும்பின. நான் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நிற்கும்போது அவன் அங்கிருந்து அடித்தால் பன்னிரண்டில் குறைந்தது ஏழு உள்ளே போகும் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை வைத்தேன். எங்கே கற்றாய் என்று கேட்டால், பெண்கள் அணிக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் வருகிறாராமே, அவரிடமாம். வியாழக்கிழமை மதியங்களிலாம். "வியாழக்கிழமை நீ தேவாலயத்துல பாட்டுப் பயிற்சிக்கில்ல போன?" என்றேன். "ரெண்டு வருஷமா போறேன், ஒரு பாட்டாவது நான் வீட்ல பாடிக் கேட்டிருக்கியா?" என்று திருப்பிக் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், கேட்டதில்லை. ஓரெஸ்ட், ஒரு மனுஷன் தன் வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு பாட்டும் கேட்காமல் இருந்திருக்கிறான், அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இதை நினைத்து நினைத்து அன்றைக்கு அவள் செய்த பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட முடியவில்லை. நான்கைந்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அவள் என் இடது பேட்டைக் கொண்டுவந்து மேஜைமேல், வெண்ணெய்க்குப் பக்கத்தில், போட்டாள். வருஷா வருஷம் அதைத் தைத்து, துடைத்துக் கொடுப்பது அவள்தான்.

"இந்தப் பக்கம் பாரு. கம்பத்துல உரசுற பக்கம். ஏதாவது கீறல் இருக்கா?"

"இல்ல. நல்லா வெச்சிருக்கேன்."

"நல்லா வெச்சிருக்கல. கம்பத்துல அது பட்டதே இல்ல. இப்ப குதிகால் பக்கம் பாரு."

பார்த்தேன். குதிகால் பக்கமெல்லாம் கறுப்புக் கறுப்பாக ரப்பர் கோடுகள், உள்நோக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக.

"வட்டெல்லாம் அது வழியாத்தான் உள்ள போயிருக்கு. நீ கையுறையால கம்பத்தத் தொட்டுக்கிட்டு நிக்கற. கை கம்பத்துல இருக்கறதால காலும் அங்கதான் இருக்குன்னு நெனச்சுக்கற. கால் மூணு அங்குலம் தள்ளி நிக்குது. என் கேன்டீன் ஜன்னல் அந்த மூலையிலதான இருக்கு? அங்கேருந்து பாத்தா அந்த இடுக்குல வலையே தெரியும், வெர்லின்."

"அப்ப ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவ சொன்னேன். 'நீ கிழங்கப் பாரு, கருகுது'ன்னு சொன்ன."

சொல்லியிருக்கிறேன். கிழங்கு கருகத்தான் செய்தது, அது வேறு விஷயம். ஆனாலும் முப்பத்தொரு வருஷமாக மூன்று அங்குலம்! ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அந்த இடது கம்பத்தை மட்டையால் மூன்று தட்டு தட்டி, "பாத்துக்கடா ராஜா" என்று அதனிடம் மரியாதையாகப் பேசியவன் நான். ஊரில் எந்தக் கோல்கீப்பரும் கம்பத்தோடு பேசுவான், ஆனால் என் அளவுக்கு யாரும் உருகிப் பேசியதில்லை. அதன் பக்கத்தில்கூட நான் நின்றதில்லையாம்.

மறுநாள் கஸ்ஸைப் பிடித்தேன். "உனக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியும்" என்றான். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றேன். தலையைச் சொறிந்தான். "எல்லாருக்குந்தான். பாதிரியாருக்குக்கூட. உனக்குத்தான் அது மேல ஒரு பெருமை இருந்துச்சு, யாருக்குப்பா மனசு வரும்?" பிறகு அந்தப் படுபாவி வாய் தவறி இன்னொன்றும் சொல்லிவிட்டான். உங்கள் ஊர் அணியின் உடை மாற்றும் அறைச் சுவரில் என் இடது குதிகாலின் படம் சாக்பீஸால் வரைந்திருக்கிறதாம். புதிதாகச் சேருகிறவனுக்கெல்லாம் முதலில் அதைத்தான் காட்டுவீர்களாம். வரைந்தவன் நீயாம். படம் நன்றாக வேறு இருக்கிறதாம்.

மரியாதை இந்த இடத்தோடு முடிகிறது. டேய் ஓரெஸ்ட்! என் கல்யாணத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவன்டா நீ! சென்ற மாதம் உன் வீட்டுப் பழைய நாள்காட்டிக் கிறிஸ்துமஸ் விருந்தில், பன்னிரண்டு பதார்த்தங்களுக்கு நடுவில், எல்லோர் முன்னாலும் என்ன சொன்னாய்? "அத்தான் கம்பத்துகிட்ட நிக்கற மாதிரி இந்த மாகாணத்துல எவனும் நிக்க மாட்டான்" என்று சொன்னாய். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன். கண் கலங்கினேன். உன் பெண்டாட்டி சமையலறைக்குள் ஓடினாள். அவளும் நெகிழ்ந்துவிட்டாள் என்றல்லவா நினைத்தேன்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அணிக்காரர்கள் கூடி, பதினான்காம் தேதி யார் கோலில் நிற்பது என்று கை தூக்கச் சொன்னார்கள். லியோனாவுக்குப் பதினொன்று. எனக்கு ஒன்று. அந்த ஒன்றும் நான் தூக்கியது. எனக்கு அறுபத்தாறு ஆகிறது. அந்தக் கோல் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் எங்கே போவேன், யாராக இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது. உன் அக்கா ஊரில் யார் சொன்னாலும் கேட்க மாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். ஆகையால் நீ உடனே வந்து, இந்த வயசில் மண்டி போட்டால் எலும்பு போகும் என்றோ, குடும்ப கௌரவம் என்றோ, எதையாவது சொல்லி, அவளைக் கேன்டீனுக்குத் திருப்பி அனுப்பி, என் இடத்தை எனக்கு மீட்டுக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே. செய்தாலும் அந்தப் படத்தை அழித்துவிட்டு வந்து மிதி.

உன் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் பெண்டாட்டிக்கு என் விசாரிப்பு, அவள் சிரித்ததை மன்னித்தேன் என்று சொல். உன் மாடுகள் நிறையக் கன்று போடட்டும். உனக்கு மட்டும் தற்சமயம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
இருக்கும்போதே இடம் பறிபோன
வெர்லின் ஹாக்ஸ்டாட்

பி.கு. (பிப்ரவரி 12): தபால் தலை கிடைக்காமல் கடிதம் மேஜையிலேயே இருந்துவிட்டது. மேலே எழுதியதில் உன்னைத் திட்டியதைத் தவிர எதையும் எடுத்துக்கொள்ளாதே. லியோனாவிடம் ஒரு வார்த்தையும் பேசாதே. டாக்டர் வைத்த கெடு முடிந்த அன்று காலை அவளே என் பேட்களைத் துடைத்துக் கட்டிலருகே வைத்து, "கை தூக்கினவங்கள நான் பாத்துக்கறேன். நீயே நில்லு" என்றாள். போனேன். என் வழக்கப்படி நிமிர்ந்து நின்றேன். கஸ் மூலையிலிருந்து ஆறு அடித்தான், நான்கு உள்ளே. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அவள் செய்தபடி மண்டி போட்டேன். ஆறு அடித்தான். ஆறும் 'தொப்'. அந்தச் சத்தத்தை அந்த இடத்தில் நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. நான்கு பேர் தூக்கினார்கள். டாக்டரம்மா இன்னும் ஆறு வாரம் என்கிறார். ஆகவே சனிக்கிழமை லியோனாதான் நிற்கிறாள், மனதாரத்தான் சொல்கிறேன், நீ தவறாமல் வா. நேற்று அவள் பயிற்சியின்போது கேன்டீனில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கிழங்கு வறுத்தது நான். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தபோது அவளிடமும் ஒரு சின்ன இடைவெளி இருப்பது தெரிந்தது. எங்கே என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், சுவரில் வரைவாய். அவளிடம் சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். "அப்படியா, சரி" என்று உடனே திருத்திக்கொண்டாள், ஓரெஸ்ட். இப்படியும் ஒருவரால் செய்ய முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.