புகைக்கு யார் கர்த்தா?

பாலிகஞ்ச், கல்கத்தா
நவம்பர் 2008

டெல்லிக் கமிட்டிகளுக்கெல்லாம் தூணாக விளங்கும் அத்திம்பேர் வைத்தீஸ்வரன் அவர்களுக்கு, மைத்துனன் பட்டாபிராமன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நான், காமு, என் கொலஸ்ட்ரால் மூவரும் சௌக்கியம். அவ்விடம் அக்காவின் முழங்காலும் உங்கள் கமிட்டியும் சற்றேனும் நகர்கின்றனவா என்று அறிய ஆவல்.

மின் நிலையத்துப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் அடைக்க நீங்கள் விதிகள் எழுதுகிறீர்கள் அல்லவா? அதற்கு எங்கள் கம்பெனியின் கருத்தைச் சொல்லும் வேலை, சட்டப் பிரிவில் கண்விழித்திருந்த ஒரே குற்றத்துக்காக என் தலையில் விழுந்தது. சென்னை ஆபீஸ் ஜம்புநாதனோடு போனில் ஆலோசித்தேன். அவர் சுத்தத் தமிழ்ப் பிரியர். அவருக்காக நானும் 'ஸ்டோரேஜை'த் தமிழாக்கி, "அடக்கம் பண்ணிடலாம், இடம்தான் அமையணும். கைவிட்டுப் போறதுக்குள்ளே முடிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், காமு சாம்பாரை இறக்கிவிட்டு, தீட்டென்று குளித்த ஈரத் தலையோடு நிற்கிறாள். எதிர் ஃப்ளாட் வங்காளி மாமியான மாஷிமா, துக்கம் கேட்க ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலையோடு வாசலில்.

"ஏன்னா, யாரு போனது?"

"யாரும் போகலை. கரியமில வாயு."

"நம்மவாள்ல அடக்கம் ஏது? எரிக்கறதுதானே வழக்கம்?"

"எரிச்சாச்சு காமு. எரிச்சப்புறம் வந்ததைத்தான் அடக்கம் பண்ணப் போறோம்."

மாலையை மாஷிமாவிடமிருந்து வாங்கி ராமர் படத்துக்குப் போட்டுவிட்டு காமு கேட்டாள்: "சரி, புதைச்சவன் கடையைக் கட்டிண்டு போயிட்டா, வருஷா வருஷம் திவசம் யார் பண்ணுவா? கர்த்தா யாரு?"

அத்திம்பேர், வெளிநாட்டுச் சட்ட நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்ததை இவள் தலை துவட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள். புதைத்த வாயு நம் பேரன் காலத்தில் கசிந்தால் யாரைப் பிடிப்பது? கிணற்றை மூடிய அன்றே கம்பெனியின் பொறுப்பும் மூடியது என்று எழுதச் சொன்னார் எங்கள் ஜெனரல் மானேஜர். நான் எழுதினேன்: "குழி யார் கையில் இருக்கிறதோ அவரே கர்த்தா. குழி கைமாறினால் பொறுப்பும் கூடவே போகும். ஒருவருமே இல்லையென்றால் சர்க்கார்."

"பட்டாபி பாபு, நீங்க நம்ம கம்பெனி ஆளா, கசியப்போற ஊர் ஆளா?" என்றார்.

"ரெண்டும் இல்லை சார். மூணாவது மாடி."

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தின் கீழே மிஷ்டி என்கிற மிட்டாய்க் கடை, கரி அடுப்பு. நாங்கள் சண்டை போட்டதில் கடைக்காரர் புகையைப் பிடித்துத் தகரக் குழாயில் ஏற்றி மொட்டை மாடிக்கு அனுப்பினார், உங்கள் கமிட்டி பிறப்பதற்கு முன்பே. அந்தக் குழாய் சரியாக எங்கள் பூஜை அறை ஜன்னலருகே விரிசல் விட்டது. சீதை கறுத்துவிட்டாள், ராமருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கீழே போய்க் கேட்டால் கடையே கைமாறியிருக்கிறது. புதியவர் என்னை அண்ணனாக்கி, "தாதா, நான் வாங்கினது கடை. குழாய் பழையவரோடது" என்கிறார். நியூ டவுனுக்குக் குடிபோன பழையவரோ போனில், "கடையோட குழாயும் போச்சு தாதா" என்கிறார். நடுவில் கர்த்தா இல்லாத புகை என் வீட்டில் சாம்பிராணி போடுகிறது.

ஆகவே இந்த ஷரத்து இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மின் நிலையக் காடான சிங்ரௌலிக்கு மாற்றுவேன் என்றார். அங்கேயும் புகைதான், பழகிய முகம், போகிறேன் என்றேன். கடைசியில் சலித்துப்போய், "அனுப்பித் தொலையுங்க, டெல்லியிலே அந்த வரியை அடிச்சுடுவாங்க" என்றார். அடிக்கக் கூடாது. எந்தக் கம்பெனி தலைகீழாக நின்றாலும், எங்கள் கம்பெனியே நின்றாலும், அந்த வரியில் நீங்கள் பேனா வைக்கக் கூடாது. மாற்றல் வந்தாலும் வரட்டும், உங்கள் மைத்துனன் பின்வாங்க மாட்டான்.

அக்காவின் முழங்காலுக்குத் தனியாக ஒரு நமஸ்காரம். மருமான் அனந்துக்கு ஆசீர்வாதம், மீதி இருந்தால் கமிட்டிக்கும்.

இப்படிக்கு,
அசையாத
பட்டாபிராமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கட்டடச் சங்கக் கூட்டம் முடிந்துவிட்டது. நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததால் காமு போனாள். என் ஷரத்தை அவள் வங்க மொழியில் எடுத்துவிட, ஒரே கைதட்டலாம். குழாயைச் சங்கமே எடுத்துக்கொண்டது. சங்கத்தின் புதுச் செயலாளராக, வராத என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். மாஷிமா ரசகுல்லாவோடு வந்து, "இனி குழாய் உன் கையிலேதான் பட்டாபி" என்றாள். அத்திம்பேர், நிதானமாக யோசித்ததில், 'கைமாறினால் பொறுப்பும் கூடவே போகும்' என்பது கொஞ்சம் கடுமையாகப் படுகிறது. அந்த ஒரு வரியை மட்டும் சத்தமில்லாமல் அடித்துவிடவும்.

அத்திம்பேருக்குக் காமுவின் நமஸ்காரம். உறையை நான்தான் ஒட்டுகிறேன். பி.கு.வைப் படிக்க வேண்டாம். ஷரத்து ஒரு எழுத்து மாறக் கூடாது. கர்த்தா சிமெண்டோடு ஏணியில் நிற்கிறார். கீழே நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.