பல்லுக்கட்டியாரின் மேல் செட்டை

மட்டக்களப்பு நகரத்தில் அறுபது வயது தாண்டிய ஒருவர் வாய் நிறையச் சிரித்தால் அந்தச் சிரிப்பில் பாதி பல்லுக்கட்டியாருக்குச் சொந்தம். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒருநாள் கோயில் தீர்த்தத்துக்குப் போயிருக்க வேண்டும். சனம் சாமியைப் பார்க்கும், இவர் சனத்தின் வாயைப் பார்ப்பார். "அந்தா முங்குறாரே, அவரட கீழ்த்தாடை என்ட வேல. முங்கி எழும்பக்குள்ள தண்ணிக்குள்ள விட்டுட்டு, நாளைக்கு என்னட்டத்தான் வருவார்" என்பார். மறுநாள் அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பார்.

பொய்ப்பல் செய்வதுதான் அவர் தொழில். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, ஆனால் தபால்காரருக்கே அது தேவைப்படவில்லை. ஒரு செத்த வீட்டில், பெட்டி மூடப் போகும் நேரத்தில் எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய்ப் பிணத்தின் வாயை உற்றுப் பார்த்தார். "பல்லு எங்க? கழட்டி வச்சிட்டீங்களா? ஆள் போறது பல்லோட போகட்டும்." அழுதுகொண்டிருந்த வீடு ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பல் தேடியது. அது அலுமாரிக்கு மேல் ஒரு கிளாசுக்குள் கிடந்தது. அவரே போட்டுச் சரிபார்த்து, வாயை மூடிவிட்டு, பிறகுதான் அழுதார்.

நான் அப்போது பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞன். அவருடைய கடைக்கு மேல் இருந்த அறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் வீடு வாவிக்கு அந்தப் பக்கம், கல்லடியில், கடலுக்குப் பக்கத்தில். மனைவி ஆங்கிலம் படிப்பித்தவர். ஊரெல்லாம் அவரை ரீச்சர் என்றது, நானும் ரீச்சர் என்றேன். ஒரே மகன். யுத்தத்தால் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கவே பயந்த காலத்தில், அவனைப் பதினேழு வயதில் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"புள்ள ஏறின பிளேனக்கூட நான் காணல்ல" என்று ரீச்சர் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் அவனிடம் குறைப்பட்டுக்கொள்வார். அவனும் ஒரு விளையாட்டுச் சாமான் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், ஒரு பிளேனையே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான். மெல்லிய பலகைத் தாள்கள், விலாவிலாவாக வெட்டி எடுக்க வேண்டிய துண்டுகள், பசை, வார்னிஷ், மூடி ஒட்டுவதற்கு வெங்காயத் தோல் போன்ற கடதாசி. எல்லாம் சேர்த்து ஒட்டினால் பழைய காலத்து இரட்டைச் செட்டைப் பிளேன் ஒன்று வரும். செட்டை என்றால் எங்கள் பக்கத்தில் சிறகு.

பெட்டியின் மேலிருந்த படத்தை ரீச்சர் கனநேரம் பார்த்தார்.

"இதிலயா என்ட புள்ள போனவன்? கூரையும் இல்ல, கதவும் இல்ல. மழை பெஞ்சிருந்தா?"

"சும்மா இரும். அதுக்குத்தான் ரெண்டு செட்டை வச்சிரிக்கான். மேல் செட்டை குடை மாதிரி" என்றார் பல்லுக்கட்டியார். அவருக்கும் பிளேனைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

இரண்டு பேரும் ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஆங்கிலத் தாளை ரீச்சர் வாசிப்பார், இவர் பல்லுச் சீவுகிற கத்தியால் வெட்டுவார். ரீச்சர் செட்டை என்பார், இவர் தாடை என்பார். "கீழ்த்தாடை முடிஞ்சிது, மேல்தாடை உம்மட பொறுப்பு" என்று மேல் செட்டையை மனைவியிடம் கொடுத்துவிட்டார். ரீச்சர் விலாக்களைக் கோலம் போடுகிற பொறுமையோடு ஒட்டினார். இதற்குள் கடையில் பல்லுக்கு அளவு கொடுத்த நாலு பேர் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாடிப்படியில் என்னை மறித்து ஒருவர் கேட்டார்: "தம்பி, அந்தப் பிளேன் எப்பதான் பறக்கும்? எனக்கு இறைச்சி தின்ன வேணும்."

கிறிஸ்மசுக்கு அடுத்த நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வார்னிஷ் மணம் தலையிடிக்குது என்று ரீச்சர் அவரைக் கடைக்கு விரட்டினாராம். பிளேனின் உடம்பையும் கீழ் செட்டையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தார். மேல் செட்டை வீட்டிலேயே இருந்தது. வந்து அரைமணித்தியாலம் இருக்காது, கடல் வந்தது.

வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. ரீச்சர் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மணல் மேடு என்று நானும் அவரும் எட்டு நாள் தேடினோம். அந்த எட்டு நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

பிறகு இழப்பு விபரம் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அகதி முகாமில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முறை வந்தது.

"இறந்தவர் பெயர்?" அலுவலகக் குரலில்தான் கேட்டேன். வேறு குரலில் கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

"அப்பிடி ஒருத்தரும் இல்ல."

"அண்ணே..."

"இல்ல எண்டா இல்ல தம்பி. இழந்த சாமான் எண்டு ஒரு கட்டம் இரிக்குத்தானே, அதில எழுதுங்க. மேல் செட்டை, ஒண்டு."

நானும் எழுதினேன். வேறென்ன செய்வது? மேலிடத்தில் அதை வாசித்தவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்களோ, கடலோர விலாசத்தைப் பார்த்துவிட்டு ஒரு வெளிநாட்டு நிறுவனம் அவருக்கு மீன்பிடி வள்ளம் ஒன்று கொடுத்தது. அந்தக் காலத்தில் தையல்காரருக்கும் வள்ளம், பாலர் பள்ளி ரீச்சருக்கும் வள்ளம். பல்லுக்கட்டியார் அதைக் கடை வாசலில் கவிழ்க்காமல் வைத்தார். பல் கட்ட வந்தவர்கள் அதற்குள் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். தெருவால் போகிறவர்கள், எந்தக் கரைக்குப் போறீங்க என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

உடல் கிடைக்காதவர்களுக்கும் மரணச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று பிறகு அறிவித்தல் வந்தது. நான் படிவத்தைக் கொண்டுபோனேன். கனடாவில் மகனுக்குப் பெண் பேசி முடிந்திருந்தது. தாய்க்கு அந்தியேட்டிக் கிரியை செய்யாமல் மாலை மாற்ற மாட்டேன் என்று அவன் நின்றான். தகப்பன் கையெழுத்து வைத்தால் போதும், எல்லாம் நடக்கும்.

"அவசரப்படாதீங்க" என்றார். "கடல் இழுத்துக்கொண்டு போய் முல்லைத்தீவுப் பக்கம் விட்டிரிக்கும். அங்க ஒரு நல்ல சனம் தூக்கி எடுத்திரிக்கும். பாதைய மூடி வச்சிரிக்காங்க, அவ எப்பிடி வாறது?"

முல்லைத்தீவு அப்போது புலிகள் இயக்கத்தின் கையில் இருந்தது. பாதை மூடித்தான் இருந்தது. அங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எங்களுக்கும் தெரியாதுதான். பைத்தியத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டால் அதைப் பிடுங்குவது லேசில்லை. நான் வருசா வருசம் படிவத்தோடு போனேன், அவர் வருசா வருசம் திருப்பி அனுப்பினார். மேல் செட்டையை நீங்களே செய்தால் என்ன என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அது அவட வேல. வந்து செய்வா" என்றார்.

இயக்கக்காரர் சின்னப் பிளேனில் வந்து குண்டு போட்டதாக நாடே கலங்கிக் கிடந்த நாட்களில் கடையை ஆமிக்காரர் சோதித்தார்கள். பல்லு அச்சுகளுக்கு நடுவே ஒற்றைச் செட்டையோடு நின்றது பிளேன். சார்ஜன்ட் ஒருவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு, "மத்தப் பக்கம் எங்கே?" என்று உடைந்த தமிழில் கேட்டார். "முல்லைத்தீவில" என்றார் நம்முடைய ஆள். மகராசன், அந்தக் காலத்தில் சொல்லக்கூடிய பதிலா அது? பிளேனையும் அவரையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் ஆமி முகாம் வாசலில் வெயிலில் நின்று வேர்த்து வழிந்தேன். பின்னேரம் பிளேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். மற்றக் கையில் ஒரு மெழுகு அச்சு.

"அடிச்சாங்களா அண்ணே?"

"இல்ல. சார்ஜன்டுக்கு முன்பல்லு ரெண்டு இல்ல. மெழுகுதிரிய உருக்கி அளவு எடுத்துக்கொண்டு வாறன். இப்பிடியே பறக்குமா எண்டு கேட்டாங்க, ஒரு செட்டை இல்லாட்டிப் பறக்காது எண்டு சொன்னன். அதால விட்டுட்டாங்க." கொஞ்சத் தூரம் நடந்தபின் சொன்னார், "பாத்தீங்களா, அவ கொண்டு போனதாலதான் நான் தப்பினன்."

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன அன்று தெருவில் சத்தமில்லை. இவர் மட்டும் கடை திறந்து சட்டைக்கு இஸ்திரி போட்டார். முல்லைத்தீவு, வன்னிப் பக்கமிருந்து வந்த சனத்தை வவுனியாவில் முட்கம்பிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ரீச்சரின் படத்தோடு பஸ் ஏறினார். நான்காம் நாள் திரும்பி வந்தார். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"கம்பிக்குக் கிட்டப் போய் படத்தக் காட்டினன் தம்பி. அங்கால நிண்ட சனம் அதப் பாக்கல்ல. எல்லாரும் தங்கட கையில இருந்த படத்த எனக்குக் காட்டுறாங்க. இந்தப் புள்ளயக் கண்டீங்களா, இந்த மனுசனக் கண்டீங்களா எண்டு. நான் ஒருத்தியத் தேடிப் போனன். அங்க எல்லாரும் என்னட்டத் தேடுறாங்க."

அடுத்த நாள் கடையை உட்பக்கம் பூட்டிக்கொண்டார். ஒரு வாரம் அரத்தின் சத்தம் மட்டும் மேலே கேட்டது. திறந்தபோது பிளேனில் மேல் செட்டை இருந்தது. பெட்டியில் வந்த பலகை மிச்சமில்லை, பல்லு முரசு, அதாவது ஈறு, செய்கிற ரோசா நிறச் சாமானிலேயே செய்திருந்தார். உலகத்தில் எந்தப் பிளேனுக்கும் அப்படி ஒரு ரோசாச் செட்டை இருந்திராது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அண்டைக்கு இதயும் கொண்டு போறன் எண்டுதான் நான் முதல்ல சொன்னன்" என்றார், அதைப் பார்த்தபடியே. "பெரிய சாமான், ஒராள் கரியரில இருந்து ரெண்டு கையாலயும் பிடிக்க வேணும். அவ வெளிக்கிட்டுத்தான் நிண்டவ. பசை காயல்ல, பழுதாகிரும், நீர் இத வச்சிக்கொண்டு இரும் எண்டு நான்தான் விட்டுட்டு வந்தனான்."

நாலரை வருசம் அவர் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தான். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அலுவலகத்தில் அதற்குப் படிவம் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் அவரே கேட்டார். "அந்தக் கடதாசியக் கொண்டு வந்தீங்களா?"

என் பையில் அது எப்போதும் இருந்தது. எடுத்து விரித்தேன். முதல் கோட்டிலேயே எனக்குக் கை நின்றுவிட்டது. ரீச்சரின் பெயர் எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டேன். அவர் எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் போல வெட்கப்பட்டார்.

"கலியாணம் முடிச்சு முப்பது வருசத்துக்கு மேல. இஞ்ச வாரும், இத எடும் எண்டுதான் கூப்பிட்டிரிக்கன். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல."

சொன்னார். மிக மெல்லச் சொன்னார், பக்கத்து அறையில் ரீச்சர் இருப்பது போல. நான் மங்கையர்க்கரசி என்று எழுதினேன். அவர் கையெழுத்து வைத்தார்.

மகன் வந்து அந்தியேட்டி செய்தான், அடுத்த தையில் கலியாணம் முடித்தான். இவரும் பிறகு அவனோடு போய்ச் சேர்ந்து, போன குளிர்காலம் அங்கேயே கண்ணை மூடினார். பல்லோடுதான் அனுப்பினேன் என்று மகன் தொலைபேசியில் சொன்னான். எனக்கு இப்போது மேல் பல்லு இரண்டு ஆடுகிறது. நகரத்தில் புதுசாக நல்ல வைத்தியர்கள் வந்திருக்கிறார்களாம், வீட்டில் தினமும் அரிக்கிறார்கள். வேறொருவர் முன்னால் வாயைத் திறக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.