கலைக்காத மேஜை

ரெனோ நகரத்துச் சூதாட்ட விடுதியை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மண்ணைக் கவ்வவைப்பது என்று முடிவு செய்தேன். காரணம், மாமியார். அவர் எங்களோடு இரண்டு மாதம் தங்க வருகிறார். கார் ஷெட்டைக் காலி செய்து அவருக்கு அறையாக்க வேண்டும் என்றாள் என் மனைவி மார்லிஸ். ஷெட்டில் என் மீன்பிடிப் படகு இருக்கிறது. படகில்லாத வெர்னன் ஒரு வெர்னனா?

"பிளாக்ஜாக்ல சீட்டை எண்ணியே ஜெயிச்சுக் காட்டறேன். ஜெயிச்சா படகு அங்கேயே இருக்கும்" என்றேன்.

"எண்ணி ஜெயிக்கணும். குருட்டு அதிர்ஷ்டம் செல்லாது. சரியா?"

"சரி!"

மார்லிஸ் பதினெட்டு வருஷம் சூதாட்ட மேஜையில் சீட்டுப் போட்டவள். அவளையே எதிரே உட்காரவைத்து மூன்று மாதம் பழகினேன். சின்னச் சீட்டு வெளியே வந்தால் ஒன்று கூட்டு. பத்து, ராஜா, ராணி வந்தால் ஒன்று கழி. தொகை ஏறினால் உள்ளே மிச்சமிருப்பது பெரிய சீட்டு. அள்ளிப் பந்தயம் கட்டு. ஒரே தொல்லை, சீட்டைக் கலைத்ததும் கணக்கு பூஜ்யமாகிவிடும்.

"கலைக்காத மேஜையே கிடையாதா?"

"ஏன் இல்ல? தெருமுனை விடுதியில ஜன்னலோர மேஜைக்குப் போ. அங்க சீட்டுப் போடற பொண்ணு நாள் முழுக்க ஒரு தடவைகூடக் கலைக்காது."

புருஷன் மேல் என்ன பாசம் பாருங்கள்!

அவள் சொன்னது சத்தியம். அந்தப் பெண் கலைக்கவே இல்லை. ஆடி முடித்த சீட்டுகளை வாரிப் பக்கத்துக் கறுப்புப் பெட்டிக்குள் செருகினாள்; அதிலிருந்தே அடுத்த சீட்டுகளை உருவினாள். எண்ணினேன். அள்ளிக் கட்டினேன். ஜெயித்தேன்! அறுநூறு டாலர்! வாசலிலிருந்தே கத்தினேன்.

"நானூத்திப் பத்து சீட்டு எண்ணினேன், மார்லிஸ்! ஒண்ணுகூட விடல!"

"பெட்டியில எத்தனை கட்டு?"

"அஞ்சு."

"அஞ்சு கட்டுக்கு எத்தனை சீட்டு, மேதாவி?"

"இருநூத்தி அறுப..."

"மிச்சம் நூத்தி அம்பது உன் சித்தப்பா வீட்லேர்ந்து வந்துதா?"

அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையால் வரைந்து காட்டினேன்.

"அது கலைக்கிற மிஷின், வெர்னன். உள்ள போற சீட்டை அப்பப்பவே கலந்துக்கிட்டே இருக்கும். அப்புறம் அந்தப் பொண்ணு எதுக்குக் கலைக்கணும்? நீ எண்ணினதெல்லாம் வீண். ஜெயிச்சது குருட்டு அதிர்ஷ்டம்."

என் சீட்டு கிழிந்தது. இருந்தாலும் ரெனோவில் ஜெயித்துத் திரும்பிய புருஷன்கள் எத்தனை பேர்? நெஞ்சை நிமிர்த்தி அறுநூறு டாலரையும் நீட்டினேன்.

அதில் அம்மாவுக்கு அருமையான கட்டில் வாங்கி, ஷெட்டில் படகு இருந்த இடத்தில் போட்டாள் மார்லிஸ். இரண்டு மாதம் மட்டும் தங்க வந்த மாமியார், இவ்வளவு சுகமான கட்டிலை விட்டுப் போக மனமில்லை என்கிறார்.