திரும்பி வராத தூக்குப் பாத்திரமும் மொட்டை ஈயும்

மச்சானுக்கு, அத்தான் வாயால் சொல்லி என் மகள் கையால் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் வயிறு தவிர. அங்கே நலமா என்று கேட்பது முறை; கேட்டாயிற்று.

போன மாதம் உன் அக்கா பருப்பு ஊற்றி, பஸ் கண்டக்டரிடம் உனக்குக் கொடுத்தனுப்பிய தூக்குப் பாத்திரம் எங்கே? பஸ் குலுக்கலில் சிந்தாத மூடி அதற்கு மட்டும்தான். அது திரும்பாததால் உனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பருப்பு நின்றுபோனது. ஆனால் உன் அக்கா கை பழகிய கை, இன்னும் இரண்டு வீட்டுக்குத்தான் வேகவைக்கிறாள். "தம்பி பங்கு வீணாகக் கூடாது, சாப்பிடுங்க" என்கிறாள். சாப்பிடுகிறேன். நேற்று செருப்பை மாட்டக் குனிந்தேன், செருப்பு தெரியவில்லை.

எனக்கு எழுத்துதான் தெரியாது, நடந்தது எதுவும் மறக்காது. உன் கல்யாணத்தன்று மழைக்கு என்னிடம் வாங்கிப்போன குடைக்குப் பச்சைக் கைப்பிடி. அதுவும் வரவில்லை. "அது எதுக்குப்பா இப்ப?" என்கிறாள் மகள். எழுதும்மா.

இவள் ஆராய்ச்சிக் கூடத்தில் ஈ வளர்ப்பது உனக்குத் தெரியும். நாம் துணியால் அடித்து விரட்டுகிற ஈக்கு அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சோறு போடுகிறார்கள். மறந்துபோன சாப்பாட்டைக் கொண்டுபோன என்னிடம் லென்ஸில் ஒரு ஈயைக் காட்டினாள். இறக்கையே இல்லை, உளுந்துக்குக் கால் முளைத்த மாதிரி. "யாரு பிச்சது?" என்றேன். "யாரும் பிய்க்கலப்பா, முளைக்கவே இல்ல" என்றாள். இறக்கை வளரவேண்டிய இடத்தில் சில செல்கள் ஒரு புரதத்தைச் செய்து அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அனுப்புமாம்; இங்கே இறக்கை வரட்டும் என்று சொல்லும் சேதி அதுதான். சேதிக்கு முதலில் கொழுப்புத் தடவ வேண்டும், தடவாததைத் தூக்கிப்போகிற ஆள் தொடவே மாட்டானாம். அந்த ஆளும் ஒரு புரதம்தான். அவன் சேதியைச் செல்லின் விளிம்புவரை கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டு, அடுத்த நடைக்கு உள்ளே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் சேதி முழுக்க உள்ளேயே தேங்கும், பக்கத்துச் செல் காத்துக் காத்து மொட்டையாகவே நின்றுவிடும்.

"ஏன் திரும்பல?"

"திருப்பி அனுப்புற ஏற்பாடு கெட்டுப்போச்சுப்பா."

மச்சான், கெட்டுப்போன அந்த ஏற்பாடு நீதான். தேங்கிக் கிடக்கிற செல் நான். பாத்திரத்தைக் கழுவக்கூட வேண்டாம், அனுப்பிவிடு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு உரியது பாத்திரம் வந்து சேர்ந்த பிறகு.

இப்படிக்கு,
இரண்டு வீட்டுப் பருப்பைச் சுமக்கும் அத்தான்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடி மகள் அலமாரியைத் திறந்தாள். பழைய போர்வைக்குள் தூக்குப் பாத்திரம். உன் அக்காவைக் கேட்டால், "அவன் அன்னிக்கே கழுவி அனுப்பிட்டான். கூடவே, பருப்புல எண்ணெயே காணோம்னு கண்டக்டர்கிட்ட சொல்லிவிட்டிருக்கான். இனி எதுக்கு அனுப்பணும்?" என்கிறாள். பிறகு ஏன் அவனுக்கும் சேர்த்து வேகவைக்கிறாய் என்றேன். போர்வையை உதறி மடிக்கப் போய்விட்டாள். மகள் சொல்கிறாள், கொழுப்புத் தடவாமல் சேதி உள்ளேயே கிடக்கிற ஈயும் உண்டாம், தூக்கிப்போகிற ஆள் சும்மா நிற்பானாம், அதற்கும் இறக்கை கிடையாதாம். ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்காதே. இந்த ஞாயிறு நேரில் வந்து, எண்ணெய் மிதந்தது என்று அக்காவிடம் சொல். குடையோடு வா.