உன் எடையைப் படிக்கிறவன் எழுதுவது

என் செல்ல மகளுக்கு அப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர இந்த எட்டு மாதமாக எனக்கு வேறு எதற்கும் அனுமதி இல்லாமல் இருந்தது உனக்கே தெரியும். இன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தேசிய கார் பந்தயத் தொடரின் இறுதி முடிவுகளில் முத்திரை குத்திவிட்டார்கள். அத்தோடு என் வாய்ப்பூட்டும் கழன்றது. சேர்த்துவைத்ததையெல்லாம் பேசலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கீழே வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

இந்த வம்பை நான் ஏன் விலைக்கு வாங்கினேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. முப்பத்தொரு வருஷம் லாரி எடை மேடையில் உட்கார்ந்தவன், ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எடை போட ஒன்றுமில்லாமல் தவித்தேன். நீயோ பந்தய அணியில் சேர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டாய். வாரம் ஒரு முறை போன் வரும். "நல்லா இருக்கீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? சரி, அம்மாகிட்ட குடுங்க." ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பதினொரு விநாடி. அந்தச் சமயத்தில்தான் பந்தயத் தொடருக்கு அனுபவமுள்ள எடையாளர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. எட்டு ஊர், ஊருக்கு மூன்று பந்தயம், ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் ஓட்டுநரோடு சேர்த்துக் காரை எடை போட்டு, எண்ணை உரக்கப் படிக்க வேண்டும்; விதித்த எடைக்குக் குறைந்தால் அந்த ஓட்டம் செல்லாது. என் மகள் இருபத்து நான்கு தடவை என் முன்னால் வந்து நிற்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார் தொடரின் செயலர். ஆயிரம் லாரிக்காரர்களிடம் அதையே சொன்னவன் நான். படிக்கவில்லை. ஒன்பதாவது பிரிவு என்ன சொல்கிறது என்பதை ரயிலில் வைத்துத்தான் பார்த்தேன். எடையாளர், தமக்கு உறவான போட்டியாளருடன் தொடர் முடியும்வரை நேரிலோ, போனிலோ, கடிதத்திலோ, பிறர் மூலமோ, சைகையாலோ பேசக் கூடாது. அந்தப் பதினொரு விநாடியும் போயிற்று.

பாதியில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. கையெழுத்து கையெழுத்துதான். நீ அம்மாவுக்குப் போன் செய்யும்போதெல்லாம் நானே எழுந்துபோய் அவளை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவேன். வெளியே நின்றால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்னவாம் என்று கேட்டால், "உங்ககிட்ட சொல்லக் கூடாதாமே" என்பாள். உன் அம்மாவுக்குச் சட்டத்தின் மேல் இவ்வளவு மரியாதை வந்து கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

முதல் ஊரிலேயே கெட்ட பெயர் வாங்கினேன். நீ காரை மேடையில் ஏற்றி நிறுத்தினாய். ஹெல்மெட்டுக்குள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கொஞ்சம் எட்டிக் குனிந்தேன், ஒரு கால் மேடை மேல் பட்டுவிட்டது போலிருக்கிறது. திரையில் பதினாறு கிலோ கூடிவிட்டது. எதிரணி மேலாளர் சும்மா இருப்பாரா? தகப்பன் மகளுக்கு எடை கூட்டிக் கொடுக்கிறான் என்று எழுதியே கொடுத்துவிட்டார். மறுபடி எடை போட்டதில் உன் கார் சரியாகத்தான் இருந்தது, ஆனால் மேடையைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளி ஒரு மஞ்சள் கோடு போட்டுவிட்டார்கள், எனக்கு மட்டும். இரண்டாவது ஊரில் நீ ஜெயித்தாய். ஜெயித்த காரில் அடுத்த பந்தயத்துக்கு முப்பது கிலோ இரும்புத் தகடு ஏற்ற வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் துரத்திப் பிடிக்க முடியும், பார்க்கிறவர்களுக்கும் சுவாரசியம் என்பது அவர்கள் ஏற்பாடு. ஊரே கைதட்டிக்கொண்டிருக்கிறது, பெற்ற தகப்பன் இரும்பைச் சுமந்துகொண்டு வருகிறேன். உன் காரில் வைக்கிற தகடு என்று அதை நன்றாகத் துடைத்துத்தான் வைத்தேன். அதைக்கூட உன்னிடம் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் ஓட்டுநரைத் தனியாகச் சின்ன மேடையில் நிறுத்துவோமே, அதில்தான் என் நிம்மதி போயிற்று. முதல் ஊரில் அறுபத்து நாலு கிலோ. மூன்றாவதில் அறுபத்திரண்டரை. ஐந்தாவதில் அறுபதே முக்கால். அதே ஹெல்மெட், அதே உடுப்பு, அப்படியென்றால் குறைந்ததெல்லாம் நீதான். யாரிடம் கேட்பேன்? எடைச் சீட்டில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில், 'ஓட்டுநர் நேரத்துக்குச் சாப்பிடுவதாகத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டேன். சீட்டு நேராக நடுவர்களிடம் போகும் என்பது அந்த நேரம் மறந்துபோயிற்று. மூன்று நடுவர்கள் என்னை உட்காரவைத்து விசாரித்தார்கள். எடை சம்பந்தமாகக் கண்டதை எழுதச் சொல்லித்தானே சட்டம் என்றேன். தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றி, "இதை எழுதினது எடையாளரா, அப்பாவா?" என்றார். "ஒன்பது மணிக்கு மேல எடையாளர்தாங்க. இது ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுதினது" என்றேன். எச்சரித்து அனுப்பினார்கள். ஆனால் அடுத்த ஊரில் நீ அறுபத்தொன்றே கால் இருந்தாய். யார் சொல்லிச் சாப்பிட்டாயோ தெரியாது, அன்று நான் ஒரு ஆளாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

கடைசி ஊரைப் பற்றி எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. இரண்டாவது பந்தயத்தில் ஜெயித்துப் புள்ளிப் பட்டியலில் முதலில் வந்தாய். அதனாலேயே மூன்றாவது பந்தயத்துக்கு முப்பது கிலோ. என் கையால்தான் ஏற்றினேன். அந்தப் பாரத்தோடு நாலாவதாக வந்தாய், ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போயிற்று. காரை மேடையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாய். திரையில் கடைசி எண் நிற்கவே இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. மெஷின்ல கோளாறுங்க என்றார் கூட இருந்தவர். மெஷினில் ஒன்றும் இல்லை, உள்ளே என் பொண்ணு குலுங்கிக் குலுங்கி அழறான்னு எனக்குத் தெரியாதா? ஆடுற வண்டிய எடை போடக் கூடாதுன்னு விதி இருக்கு. "நிக்கட்டும். அவசரமில்ல, தானா நிக்கட்டும்" என்று உரக்கச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. அடித்தால் அடிக்கட்டும். எண் நின்ற பிறகுதான் படித்தேன். ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு, சரி. எட்டு மாதத்தில் உன்னிடம் நான் ஆசையாகச் சொன்னது அவ்வளவுதான் அம்மா.

போதும். இனி என்னால் ஆகாது. ராஜினாமாக் கடிதம் எழுதி இதோ பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானுமாக இன்னொரு வருஷம் நிற்க மாட்டேன். நீ ஒரு பத்து நாள் வீட்டுக்கு வா. பேச வேண்டாம், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. தினமும் பார்த்தாலும் ஆறாது போலிருக்கிறது.

உன் அணியில் எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல். காரை மெதுவாக ஓட்டு என்று எழுதக் கை வருகிறது, உன் தொழிலுக்கு அது பொருந்தாது என்பதால் எழுதவில்லை. தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நீ போன் செய்தாய். நானே பேசிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள், "அப்பா, அடுத்த வருஷமும் எடை மேடைல நீங்களே இருங்கப்பா. வண்டிய நிறுத்தினதும் உங்க குரல் கேட்டாத்தான் எனக்குப் பந்தயம் முடிஞ்ச மாதிரி இருக்கு" என்றாய். ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன். மாலை நாலு மணிக்குச் செயலர் வீட்டுக்கே போய் அடுத்த வருஷத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை ஒன்பதாவது பிரிவை இரண்டு முறை படித்தேன், படித்துவிட்டுத்தான் போட்டேன். கையெழுத்திட்ட நேரத்திலிருந்தே அது அமலுக்கு வருகிறதாம். ஆகையால் பத்து நாள் வந்தால் நீ அம்மாவோடு இரு, நான் பக்கத்து அறையில் இருப்பேன். இந்தக் கடிதமும் உனக்கு வராது.