பத்து மணிக்குமேல் புறப்படும் வேட்டைக்காரர்

வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்களில் இருட்டோடு எழுந்து ஓடுகிறவர்கள் ஓர் இனம். அவர்களைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. பாவம், தூக்கம் கெட்டவர்கள். நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது, வெயில் ஏறிய பிறகு முட்டையும் பன்றிக்கறி வறுவலும் சாப்பிட்டு, காப்பியை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு, தாமதமாகப் போவதுதான் சாஸ்திரம் என்று நிரூபித்துவிட்டு எழுந்திருக்கிற மனிதரை. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் ஊருக்கு ஒருவர் உண்டு. எங்கள் ஊருக்கு வெண்டல் ஹாஸ்கின்ஸ்.

சாஸ்திரம் பொய்யில்லை, அதுதான் வேதனை. வசந்தத்தில் விடியும்போது வான்கோழிச் சேவலைச் சுற்றிப் பெட்டைகள் நிற்கும். நாம் வேட்டைக்கென்றே செய்த சிறு மரப்பெட்டியின் மூடியை உரசிப் பெட்டைக் குரல் எழுப்பினால் அது திரும்பியும் பார்க்காது. வெயில் ஏறினால் பெட்டைகள் முட்டையிடப் போய்விடும். தனித்து நிற்கும் சேவல் எந்தக் குரலுக்கும் வரும். இதை வெண்டல் உணவுக்கடையிலும், தேவாலய வாசலிலும், ஒருமுறை சவ அடக்கத்திலும் விளக்கியிருக்கிறார். ஒன்றாவது சுட்டிருக்கிறாரா? அப்படிக் கேட்கிறவர்களுக்கு நாகரிகம் போதாது.

அவர் மனைவி நோரீனுக்குத் தன் கையால் ஒரு சேவல் சுடவேண்டும் என்று வெகுநாள் ஆசை. "காலையிலேயே போலாமா?" என்பாள்.

"உனக்கு வான்கோழியோட மனசு புரியாது, நோரீன்."

அந்த மனசைப் புரிந்துகொள்வதிலேயே வசந்தங்கள் போயின.

போன வருடம் வேட்டைப் பருவத்தின் கடைசி நாளில் ஒருவழியாகக் கூட்டிப் போனார். ஓக் மரத்தில் சாய்ந்து, மெல்லிய குரலில் சாஸ்திரத்தை விளக்கி, விளக்கிக்கொண்டே தூங்கிப்போனார். நோரீன் பெட்டியை உரசினாள். மேட்டிலிருந்து பதில் வந்தது. வெண்டல் குறட்டை விட்டார்; அதற்கும் சேவல் பதில் கூவியது. வாலை விரித்து, தலை சிவக்க, மரங்களுக்கிடையே அது நடந்து வந்தது. மூச்சை அடக்கிக் காத்திருந்து சுட்டாள்.

வெண்டல் துள்ளி எழுந்தார். "யாரு சுட்டது?"

"நான்தான்." சூடு ஆறாத இறகுகள்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "உச்சிப் பொழுதாச்சு பாரு. நான் என்ன சொன்னேன்?"

"கொர்ருன்னு சொன்னய்யா. அதுக்கும் பதில் சொல்லிச்சு, அதோட பெரிய மனசு."

மறுநாள் உணவுக்கடையில் 'நோரீன் சுட்டது', முதல் காப்பி முடிவதற்குள் 'நாங்க சுட்டது' ஆயிற்று. அடுத்ததில் 'என் சேவல்' ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோரீன் தன் தட்டைக் காலி செய்தாள். இந்த வசந்தத்தில் அவளும் வெயில் ஏறித்தான் போகிறாள், ஆனால் தனியாக. சாஸ்திரத்தில் அவளுக்குக் குறையில்லை. சாஸ்திரிதான் கூட வேண்டாமாம்.

உங்களிடம் துப்பாக்கி இல்லை, அதனால் நிம்மதி என்கிறீர்களா? போன வாரம், ரேஷன் கடைக்குக் கூட்டம் குறைந்த பிறகு போவதுதான் புத்திசாலித்தனம் என்று வீட்டில் விளக்கியபடியே சோபாவில் சாய்ந்தீர்களே, போய் நின்று வேலையை முடித்துக்கொண்டு வந்தது யார்? வந்தவருக்குத் தண்ணீராவது கொடுத்தீர்களா, இல்லை, "அப்பவே சொன்னேன்ல?" என்றீர்களா?